முதல் மழைக்கு மட்டும் ஏன் ஒழுகுகிறது?

டிசம்பர் முழுக்க மழை. விடிய விடியப் பெய்தும் தகரக் கூரை தாங்குகிறது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தை பிறந்ததும் வானம் வெளுக்கிறது. இரண்டு மாதத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. அந்த இரண்டு மாதமும் கூரையை யாரும் தொடவில்லை. மிஞ்சிப்போனால் ஒரு பூனை நடந்திருக்கும். பங்குனித் தொடக்கத்தில் ஒருநாள் மாலை நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து கொட்டுகிறது. அடுப்படியில் ஓர் இடம், சாமி மேடைக்கு மேலே ஓர் இடம், கட்டிலுக்கு நேராக ஓர் இடம் என்று மூன்று இடத்தில் ஒழுகல்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ரந்தாவ் பக்கம் நாங்கள் இருந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், முதல் மழையின் சத்தம் கேட்டதுமே பாட்டி பால் வாளியையும் ஈயச் சட்டியையும் எடுத்து வரச் சொல்லிவிடுவார். சட்டியில் விழும் சொட்டுக்கு ஒரு சத்தம், வாளியில் விழும் சொட்டுக்கு வேறொரு சத்தம். “போன மழைக்கு நல்லாத்தானே இருந்துச்சு பாட்டி?” என்று கேட்டால், “வெயில் குடிச்ச கூரைய்யா, அப்படித்தான் இருக்கும்” என்பார். அந்தப் பதிலில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. மழையே பெய்யாத இரண்டு மாதத்தில் கூரைக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

நம் ஊரிலும் ஓர் இலையுதிர் காலம்

இலையுதிர் காலம் என்றால் குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று பள்ளிப் பாடம் நம்மை நினைக்க வைத்துவிட்டது. பால் மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரத்தடியில் நின்றவர்களுக்கு வேறு கதை தெரியும். ஜனவரிக் கடைசியில் இலைகள் மஞ்சளாகின்றன. சில மரங்களில் செங்கல் நிறத்துக்கே போய்விடுகின்றன. பிறகு காற்றே இல்லாத நேரத்திலும் விழுகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் நிரை நிரையாக மொட்டை மரங்கள். நிழலில் கிடந்த லயத்தின்மேல் திடீரென்று முழு வெயில் அடிக்கிறது.

இந்த மரம் நம் ஊர் மரம் கிடையாது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு ஏறக்குறைய 70,000 விதைகளைக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை கொஞ்சம்தான். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவின் ரப்பர் கதை அங்கே தொடங்குகிறது. அமேசான் காட்டின் வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துப் பழகிய மரம், இங்கே வந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இலை தானாக விழுவதில்லை, மரம்தான் அதைக் கழற்றிவிடுகிறது. ஒவ்வொரு இலையும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக ஓயாமல் நீராவியை வெளியே விடுகிறது. மண் காயும் காலத்தில் அது கட்டுப்படியாகாது. ஆகவே இலைக்காம்பு கிளையில் சேரும் இடத்தில் மெல்லிய செல் வரிசை ஒன்று உருவாகிறது. இதை ‘உதிர்வு அடுக்கு’ எனலாம். அந்த அடுக்கின் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக, காம்பு தன் பாரத்திலேயே பிரிகிறது. விலகிய இடத்தில் தக்கை போன்ற ஒரு மூடி வளர்ந்து காயத்தை அடைத்துவிடுகிறது. பால் குறைந்து வெட்டுக்காரர்களின் வருமானமும் இறங்கும் மாதங்கள் இவை. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இலை கொட்டுவது வெறும் காட்சியாக இருந்ததில்லை.

நெகிரி செம்பிலானுக்கு இந்த வறட்சி கொஞ்சம் கூடுதல். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தன் ஈரத்தில் பெரும்பங்கைக் கிழக்குக் கரையில் கொட்டிவிட்டுத்தான் தீத்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. மலைகளால் சூழப்பட்ட ஜெலெபு, தீபகற்பத்தில் மழை குறைந்த வட்டாரங்களில் ஒன்று. வருடத்தில் இரண்டு முறைதான் இங்கே மழை உச்சத்துக்குப் போகும். பருவக்காற்று மாறும் ஏப்ரல் வாக்கில் ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. அதனால் இலை கொட்டி முடிவதற்கும் பெருமழை தொடங்குவதற்கும் நடுவில் சில வாரங்களே கிடைக்கின்றன. நம் வீட்டின் தலைவிதி அந்தச் சில வாரங்களில் இருக்கிறது.

ஒரு கூரை, ஒரு மழை, ஒரு மண்ணெண்ணெய் டின்

உதிர்ந்த இலை எங்கே போகிறது? பெரும்பகுதி மண்ணுக்கு. கொஞ்சம் கூரைக்கும், அங்கிருந்து சரிந்து கூரையின் விளிம்பில் ஓடும் தகரக் கால்வாய்க்கும் போகிறது. கட்டர் என்று நாம் சொல்லும் அந்தக் கால்வாயை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமன்பாடு ஒன்றும் வேண்டாம், பெருக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு சின்ன உண்மை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது சரியாக ஒரு லிட்டர். வானிலை அறிக்கையில் 40 மில்லிமீட்டர் மழை என்று சொன்னால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 40 லிட்டர் கொட்டியிருக்கிறது என்று பொருள்.

இனி லயத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கக் கூரைச் சரிவு 20 அடி நீளம், 12 அடி அகலம். அதாவது 240 சதுர அடி, ஏறத்தாழ 22 சதுர மீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறை அதை மிகக் கனத்த மழை என்கிறது. மணிக்கு 60 என்றால் நிமிடத்துக்கு ஒன்று. ஆக, அந்தச் சரிவில் ஒவ்வொரு நிமிடமும் 22 லிட்டர் விழுகிறது. பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்று 18 லிட்டர் கொள்ளும். ஒருவர் கூரை மேல் நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒரு டின்னுக்கும் மேலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தனையும் கால்வாய்க்கு வருகிறது. கால்வாய் 4 அங்குல அகலம், 3 அங்குல ஆழம், 20 அடி நீளம். முழுவதும் நிரப்பினால் சுமார் 47 லிட்டர் பிடிக்கும். கடைசியில் இருக்கும் 3 அங்குலக் குழாய் திறந்திருந்தால் கவலையில்லை. நிமிடத்துக்கு 22 லிட்டரை அது சாதாரணமாக விழுங்கிவிடும். குழாய் வாய் அடைத்துக்கொண்டால்? 47 லிட்டரை 22ஆல் வகுத்தால் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். கால்வாயின் மூன்றில் ஒரு பங்கை ஏற்கனவே இலையும் மண்ணும் பிடித்திருந்தால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடி, வீட்டுக்குள் திரும்பி வருவதற்குள் கால்வாய் நிரம்பிவிட்டது.

பால் மரத்து இலை இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். நீளமான ஒரு காம்பு, அதன் நுனியில் மூன்று இலை. விழுந்து காய்ந்த பிறகு மூன்று இலையும் காம்பிலிருந்து கழன்றுகொள்கின்றன. குச்சி போன்ற காம்புகள் தண்ணீரோடு உருண்டு வந்து குழாய் வாயில் குறுக்கும் நெடுக்குமாக மாட்டி ஒரு வலை பின்னுகின்றன. பின்னால் வரும் இலைகள் அந்த வலைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன, நனைந்த காகிதத்தை ஒட்டியதுபோல. காய்ந்த இலைக் குவியலுக்குள் தண்ணீர் நுழைந்து போகும். நனைந்து படிந்த இலைக்குள் போகாது. இரண்டு மாதம் கால்வாய் நன்றாக இருப்பதுபோல் தெரிந்ததற்கு அதுதான் காரணம். காய்ந்த குப்பையை நனைத்து, நகர்த்தி, அடைப்பாக மாற்றும் வேலையை முதல் மழைதான் செய்கிறது.

லயத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆறேழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கால்வாய், குழாய் மட்டும் கடைசி வீட்டில். எல்லார் வீட்டு இலையும் அங்கே போய்ச் சேரும். எங்கள் லயத்தில் கடைசி வீட்டு அத்தைதான் வருடா வருடம் நனைந்தார். அவர் வீட்டுக் கூரையில் ஒரு குறையும் இருந்ததில்லை. முதல் வீட்டுக்காரர் ஏணி வைத்துத் தன் வாசலுக்கு நேரே மட்டும் கூட்டிவிட்டால் அந்த அத்தைக்குப் பயனில்லை. கால்வாயைச் சுத்தம் செய்வதென்றால் லயம் முழுக்க ஒரே நாளில் செய்ய வேண்டும், அதையும் குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நிரம்பிய கால்வாய் எந்தப் பக்கம் வழிகிறது என்பதும் முக்கியம். முன்விளிம்பில் வழிந்தால் தண்ணீர் முற்றத்தில் விழும். பின்விளிம்பில் வழிந்தால் பலகைச் சுவரின் தலைக்குள் இறங்கி, வீட்டுக்குள் வந்துவிடும். நாம் அதைக் கூரை ஒழுகுவதாக நினைத்துத் தகரத்தை மாற்றுவோம். விவரம் தெரிந்த தச்சர்கள் கால்வாயின் பின்விளிம்பை அரை அங்குலம் தூக்கியே வைப்பார்கள். நிறைந்தாலும் வெளியேதான் வழியும்.

தகரம் ஏன் சத்தம் போடுகிறது?

சரி, கால்வாய் சுத்தமாக இருந்தும் கட்டிலுக்கு நேரே ஒழுகுகிறதே? அது விளிம்பிலிருந்து வெகுதூரம். அங்கே குற்றவாளி வேறு.

காலை ஒன்பது, பத்து மணிக்கும், சூரியன் மேகத்துக்குள் போகும்போதும் தகரக் கூரை ‘டொக், டொக்’ என்று அடித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். சிறு வயதில் யாரோ கல் எறிவதாக நினைத்துப் பயந்திருக்கிறேன். அது தகரம் நீள்வதும் குறுகுவதும்தான். ஜிங்க் என்று நாம் சொல்லும் தகரம் உண்மையில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. 12 அடித் தகடு ஒன்று விடியற்காலையில் 23 டிகிரியில் இருக்கிறது என்று வைப்போம். மொட்டை மரத்தின் கீழ் உச்சி வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும். 40 டிகிரி ஏறினால் அந்தத் தகடு சுமார் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் நீளும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் மரச்சட்டம் வெப்பத்துக்கு அந்த அளவு நீள்வதில்லை. தகடு நகரப் பார்க்கிறது, சட்டம் நகர மாட்டேன் என்கிறது, நடுவில் ஆணி மாட்டிக்கொள்கிறது.

பகலில் ஒரு தள்ளு, இரவில் ஓர் இழு. 60 நாள் வெயிலில் 120 அசைவு. ஒவ்வொரு ஆணியின் பங்குக்கு வரும் அசைவு மயிரிழைதான். ஆனாலும் வட்டமாக இருந்த துளை மெல்ல மெல்ல முட்டை வடிவத்துக்குப் போகிறது, ஆணி தலைதூக்குகிறது. தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் இறுகி வெடிக்கிறது.

மரச்சட்டமும் சும்மா இருப்பதில்லை. மரம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். டிசம்பரின் தொடர் மழையில் சட்டம் உப்பி ஆணியை இறுக்கிப் பிடித்திருந்தது. மாசி வெயிலில் சட்டம் காய்ந்து பிடியைத் தளர்த்திவிட்டது. அன்று ஒழுகாத கூரை இன்று ஒழுகுவதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. இரண்டு மூன்று நாள் மழை பெய்த பிறகு சில ஒழுகல்கள் தாமாகவே நின்றுபோவதற்கும் இதுவே காரணம். சட்டம் மறுபடி உப்பிவிட்டது. கூரை தானாகச் சரியாகிவிட்டது என்று நாம் விட்டுவிடுகிறோம். அடுத்த வருடம் அந்தத் துளை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

நெகிரி செம்பிலான் இந்த ஆணிப் பிரச்சினைக்கு ஒரு பழைய விடையும் வைத்திருக்கிறது. கோலப்பிலா அருகே உள்ள ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை 1902இல் தொடங்கி 1908இல் முடிந்தது. 99 தூண்கள் கொண்ட அந்த மரமாளிகை இரும்பு ஆணியே இல்லாமல், மரத்தோடு மரத்தைக் கோத்துக் கட்டப்பட்டது. மரமும் மரமும் சேர்ந்தே உப்பும், சேர்ந்தே சுருங்கும். நம் முன்னோர்கள் முதலில் குடியிருந்த அத்தாப்புக் கூரைகளிலும் இந்தத் தொல்லை இல்லை. ஓலையைப் பிரம்பால் கட்டியிருந்தார்கள். வெயிலில் நீளவும் குறுகவும் அதற்கு இடம் இருந்தது. அத்தாப்புக்குத் தீயும் பூச்சியும் எதிரிகள், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். ஆகவே தகரம் வந்தது. தகரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தகரம் வந்த நாளிலிருந்து ஆணியைக் கவனிக்கும் வேலையும் கூடவே வந்துவிட்டது.

மேல்நோக்கி ஏறும் தண்ணீர்

ஆணித் துளை எல்லாம் நன்றாக இருந்தும் ஒழுகும் கூரைகள் உண்டு. தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்று நம்பித் தகரத்தின்மேல் தகரத்தை ஏற்றி அடுக்குகிறோம். மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் சில அங்குலம் படிந்திருக்கிறது. தண்ணீர் கீழே ஓடும்வரை இது போதும். ஆனால் தண்ணீர் மேலேயும் ஏறும்.

விளக்குத் திரியைப் பாருங்கள். எண்ணெய் அகலில் கிடக்கிறது, சுடர் மேலே எரிகிறது. யாரும் எண்ணெயைத் தூக்கி ஊற்றவில்லை. நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சந்துகளில் எண்ணெய் இழைகளைப் பிடித்துக்கொண்டு தானே ஏறுகிறது. இதைத் தமிழில் நுண்புழை ஏற்றம் என்பார்கள். புழை என்றால் துளை. சந்து எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு உயரம் ஏறும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், தண்ணீர் ஓர் அங்குலத்துக்கும் மேலாக ஏறக்கூடும். அது நேர் உயரக் கணக்கு. கூரை படுத்தாற்போல் சரிந்திருந்தால் அதே ஓர் அங்குல உயரம் சரிவின் வழியே மூன்று நான்கு அங்குலமாக நீண்டுவிடும். கீழ்த் தகட்டின் மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே விழ அது போதும்.

வறண்ட மாதங்களில் அந்த அடுக்குச் சந்துக்குள் செம்மண் தூசியும் இலைத்தூளும் போய் உட்காருகின்றன. தகடுகளுக்கு நடுவே ஒரு திரியையே செருகி வைத்தது போல ஆகிறது. டிசம்பரில் தொடர் மழை அதைக் கழுவி வைத்திருந்தது. மேலும், பங்குனி சித்திரையில் பெய்வது வேறு வகை மழை. காலை வெயிலில் சூடான ஈரக்காற்று மேலே போய்ப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரம்போல் மேகம் கட்டி, மாலையில் ஒரேயடியாகக் கொட்டுவது. தூறலின் துளி நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் வரும். இந்த மழையின் பெருந்துளி நொடிக்கு எட்டு ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து அடிக்கும். கூடவே காற்று தண்ணீரைச் சரிவில் மேல்நோக்கித் தள்ளும்.

உள்ளே வந்த தண்ணீர் வந்த இடத்திலேயே சொட்டுவதும் இல்லை. தகட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சரிவில் ஓடி, ஒரு சட்டம் குறுக்கிட்டதும் அங்கே சொட்டும். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஏறித் தார் பூசுவது பெரும்பாலும் வீண் வேலை. ஒழுகலுக்கு மேட்டுப் பக்கமாகத் தேட வேண்டும், சில சமயம் நாலைந்து அடி தள்ளி இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வானம் தெளிவாக இருக்கும் விடியற்காலையில், மழையே இல்லாமல் தகரம் சொட்டினால் அது ஒழுகல் இல்லை. மேகமற்ற இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. நம் மூச்சிலும் அடுப்பிலும் இருந்து எழுந்த ஆவி அதன் அடிப்பக்கத்தில் பனித்துளியாகப் படிகிறது. அதற்குத் தார் மருந்தாகாது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டால் அடங்கிவிடும்.

சுவரின் கால்

வழிந்த தண்ணீர் முற்றத்தில் விழுந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? எட்டடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர், தரையை அடையும்போது நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் இருக்கும். கூட்டிப் பெருக்கி இறுகிப்போன செம்மண் முற்றம் அதைக் குடிக்காது, தெறிக்கவைக்கும். லயத்துப் பலகைச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்குச் செந்நிறப் பட்டை ஒன்று எப்போதும் இருக்குமே, அது அந்தத் தெறிப்பின் அளவுகோல். பலகை முதலில் உளுத்துப்போவதும் அந்தப் பட்டைக்குள்தான்.

உளுத்த ஈரப் பலகை கரையானுக்கு அழைப்பு. தீபகற்ப மலேசியாவில் வீடுகளை அதிகம் அழிப்பது ‘கோப்டோடெர்மெஸ்’ பேரினத்துக் கரையான்கள். மெல்லிய தோல் கொண்ட இந்தப் பூச்சிகளுக்கு ஈரம் இல்லாமல் உயிர் இல்லை. மண் குழாய் கட்டிக்கொண்டு அவை நடப்பதே உடலின் ஈரம் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். மழைக்குப் பிறகு அந்தியில் விளக்கைச் சுற்றும் ஈசல்கள், கூட்டை விட்டுப் புதுக்குடித்தனம் தேடிப் புறப்பட்ட கரையான்கள். சிறகை உதிர்த்துவிட்டு இரண்டிரண்டாக அவை தேடிப்போவது நனைந்த மரத்தையும் ஈர மண்ணையும். கால்வாய் அடைத்ததும் கரையான் அரித்ததும் வேறு வேறு துன்பமாக நமக்குத் தெரியலாம். நடுவில் ஒரே தண்ணீர்தான் ஓடுகிறது.

அடைத்த கால்வாயில் தேங்கி நிற்கும் தண்ணீரை இன்னொரு பூச்சியும் தேடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். வாசலில் இருக்கும் பூந்தொட்டியை வாரம் ஒருமுறை கவிழ்க்கிறோம். தலைக்கு மேலே 20 அடி நீளத் தொட்டி ஒன்று இருப்பது கண்ணில் படுவதில்லை. டெங்கியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளை அறிந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செம்பு நிறத் துளிர்

அப்படியானால் ஏணியை எப்போது எடுப்பது? இலை கொட்டத் தொடங்கியதும் ஏறினால் அடுத்த வாரமே மறுபடி நிறைந்துவிடும். முதல் இடி கேட்ட பிறகு ஏறுவது ஆபத்து. நாள்காட்டியைப் பார்ப்பதைவிட மரத்தைப் பார்ப்பது நல்லது. மொட்டைக் கிளை நுனியில் செம்பு நிறத்தில் பளபளக்கும் துளிர் தெரிந்தால், பழைய இலை கொட்டி முடிந்துவிட்டது. அந்தத் துளிர் பச்சையாகி விரிய ஓரிரு வாரம் ஆகும். அந்த இடைவெளிதான் வேலைக்கு உகந்த நேரம். வருடா வருடம் முன்பின்னாக வரும் வறட்சியை மரம் நம்மைவிடச் சரியாகக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறது.

அதிகாலையில் தொடங்குவது நல்லது, தகரம் சுடாது. கூரையில் ஆணி வரிசை ஓடும் இடத்தில்தான் அடியில் சட்டம் இருக்கும், அந்த வரிசையை விட்டுக் கால் வைக்கக் கூடாது. மின்கம்பி வீட்டுக்குள் நுழையும் பக்கத்தை நெருங்கவே வேண்டாம். பழைய வீடுகள் சிலவற்றில் இருப்பது தகரம் இல்லை, சாம்பல் நிறக் கல்நார்த் தகடு. அதைத் தேய்ப்பதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடான தூசியைக் கிளப்பும். அப்படிப்பட்ட கூரையைத் தொடாமல், பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள்.

கால்வாயைக் கையால் அள்ளிய பிறகு, குழாய் வாயில் காம்புகளின் வலை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். தலைதூக்கிய ஆணியை அதே துளையில் திரும்ப அடிப்பதில் பயனில்லை, அந்தத் துளை ஏற்கனவே பெருத்துவிட்டது. ஆணிக்குப் பதில் புது வாஷரோடு சற்றே தடித்த திருகாணி போட்டால் சட்டம் சுருங்கினாலும் பிடி விடாது. நெளித் தகட்டில் அது மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஓடும் தண்ணீர் முழுவதும் அந்தத் துளையைத் தாண்டித்தான் போகும். அடுக்குச் சந்தில் படிந்த தூசியைப் பழைய பல்துலக்கியால் தள்ளிக் கழுவிவிடலாம். கீழே, தண்ணீர் விழும் கோட்டில் ஒரு முழ அகலத்துக்குச் சல்லிக்கல் பரப்பினால் தெறிப்பு அங்கேயே உடைந்துபோகும்.

அக்டோபர் மழைக்கு முன்னாலும் இதே வேலை ஒருமுறை உண்டு. இலைக்குப் பதில் ரப்பர் கொட்டையின் காலம் அப்போதுதான் முடிந்திருக்கும். வெயிலில் காய் வெடித்துக் கொட்டை தகரத்தில் விழும் சத்தம் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் மறக்காது. வெடித்த காயின் ஓடுகள் கால்வாயில் கிடக்கும். அந்த மாதங்களில் நம் கவனமெல்லாம் தீபாவளிக்குச் சுவருக்குச் சாயம் அடிப்பதில் இருக்கிறது. ஒழுகும் சுவரில் அடித்த சாயம் கார்த்திகைக்குள் கொப்புளித்து உரியும். கூரையைப் பார்த்த பிறகு சாயத்தை வாங்கினால் அந்தக் காசு மிஞ்சும்.

இன்று நெகிரி செம்பிலானில் பால் மரம் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. செனவாங், செண்டாயான் பக்கம் தோட்டமாக இருந்த நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்திலிருந்து தாமானுக்குப் போனவர்கள் இந்தக் கதை முடிந்துவிட்டதாக நினைக்கலாம். வரிசை வீடுகளில் இரண்டு கூரை சேரும் இடத்தில் ஒரு பெட்டிக் கால்வாய் மறைந்திருக்கிறது. லயத்துக் கால்வாயாவது நிறைந்தால் வெளியே வழியும். இது நிறைந்தால் இரண்டு பக்கமும் வீடுதான். தெருவோரத்து அங்சானா மரமும் பக்கத்து வீட்டு மாமரமும் அதற்கு இலை தருகின்றன.

வேலை முடிந்ததா என்று பார்க்க என் தாத்தா செய்ததையே நானும் செய்கிறேன். கால்வாய் 20 அடிக்கு ஓர் அங்குலமாவது குழாய்ப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மேட்டு முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்ப்பார். நான் கீழே குழாயடியில் உட்கார்ந்திருப்பேன். “வருதாய்யா?” என்று மேலேயிருந்து கேட்பார். முதலில் குழாய்க்குள் காற்று உறுமும், பிறகு இலைத்தூளோடு கறுப்புத் தண்ணீர், அப்புறம் தெளிந்த தண்ணீர். தெளிந்தது வரும்வரை “இன்னும் ஒரு வாளி தாத்தா” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.